குடிலும் அது நிற்கும் இடமும்

ராணுவச் செலவைப் பற்றிப் பேசுவோர் பீரங்கியையும் ஆகாய விமானத்தையுமே பேசுகின்றனர். போர்வீரன் இரவில் தலைசாய்க்கும் குடிலைப் பற்றிப் பேசுவோர் அரியர். சியாச்சின் பனிமலையிலோ வீரனுடைய உயிர் பெரும்பாலும் அந்தக் குடிலையே பொறுத்திருக்கிறது. 1984-ம் வருஷம் ஏப்ரலில் நமது படை அங்கே ஏறியது முதல், சத்துருவின் குண்டுக்கு இரையானோரைவிடக் குளிருக்கும் பனிச்சரிவுக்கும் இரையானோரே அதிகம். 2003 நவம்பரில் துப்பாக்கிகள் ஓய்ந்தன, பனி ஓயவில்லை.

2016 பிப்ரவரி 3-ந் தேதி நடந்ததைத் தமிழ் மக்கள் மறந்திருக்க முடியாது. ஏறத்தாழ 19,600 அடி உயரத்திலுள்ள சோனம் காவல் நிலையத்தின்மீது பனிச்சுவர் இடிந்து விழுந்து, மதராஸ் ரெஜிமெண்டின் 19-வது பட்டாளத்தைச் சேர்ந்த பத்துப் பேரைப் புதைத்தது. அவர்களில் நால்வர் தமிழ்நாட்டினர். கர்நாடகத்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஒருவரே ஆறு நாட்களுக்குப் பின் உயிருடன் மீட்கப்பட்டார். அவரும் பிப்ரவரி 11-ந் தேதி டில்லியில் காலமானார். அவ்வளவு பனியின் பாரத்தை எந்தக் கூடாரமும் தாங்காது. ஆகவே இங்கே விசாரிக்க வேண்டியது கூடாரத்தின் பலத்தையன்று. அது நின்ற இடத்தை.

நெடுநாள் பழக்கமும் நல்ல சாக்ஷியாகாது. 2012 ஏப்ரலில் பாகிஸ்தான் படையின் கயாரி முகாம், பல வருஷங்கள் நிலைத்து நின்ற பிறகே, 140 பேருடன் புதையுண்டது. பனி மட்டுமே அபாயமுமன்று. 2023 ஜூலை 19-ந் தேதி சியாச்சினில் வெடிமருந்துக் கிடங்கில் மூண்ட தீ கண்ணாடி நார்க் குடில்களுக்குப் பரவியது. பிறரைக் காப்பாற்றிய ராணுவ வைத்தியர் காப்டன் அன்ஷுமன் சிங் உயிர் துறந்தார்.

“அம்மலை முகட்டில் சமதரை அகப்படுவதே துர்லபம்; இடத்தைத் தெரிந்தெடுக்க வழியேது?” என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. ஆனால் இடம் அபாயகரமாக மாறிய பிறகும் குடில் அங்கேயே நிற்பதற்குக் காரணம் வேறு. மெல்லிய காற்றில் ஹெலிகாப்டர் சொற்பச் சுமையையே தூக்கும்; எஞ்சியவற்றை மனிதர் முதுகில் ஏற்ற வேண்டும். அரும்பாடுபட்டு ஏற்றி நிறுத்திய பாரமான குடிலைப் பெயர்க்க எவருக்கும் மனம் வராது. பெயர்க்க முடியாத குடில் பேருக்குத்தான் கூடாரம்; உண்மையில் அது கட்டிடமே. ஆதலின் எடை குறைவது வெறும் வசதியன்று, உயிர்க் காப்பு. லடாக்கைச் சேர்ந்த பொறியியல் நிபுணர் சோனம் வாங்சுக் 2021-ல் செய்து காட்டிய சூரிய வெப்பக் கூடாரம் சுமார் பத்து வீரர் தங்கத்தக்கது. அதன் எந்தப் பாகமும் 30 கிலோவுக்கு மேற்படாது. வழி இல்லாமலில்லை.

முயற்சியில் ஒழுங்குதான் இல்லை. உயர்மலை வீரரின் வாசஸ்தலங்களைச் சீர்திருத்தும் திட்டம் முறையின்றி நடைபெற்றதென்று, 2020 பிப்ரவரியில் பார்லிமெண்டின் முன் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கையே கண்டித்திருக்கிறது.

சர்க்கார் செய்ய வேண்டியவை மூன்று. ஒரு மனிதன் சுமக்கவியலாத பாகமுடைய குடிலை வாங்கலாகாது. வெடிமருந்துக்கும் எரியெண்ணெய்க்கும் உறங்குமிடத்துக்கும் உள்ள தூரத்தை விதியாக வகுத்து, அதைப் பரிசோதிக்க வேண்டும். சண்டிகரிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தார் பனிச்சரிவு வருமென்று எச்சரித்தால், அவ்வெச்சரிக்கை யோசனையாக நில்லாமல், குடிலைப் பெயர்க்கும் உத்தரவாகவே கொள்ளப்பட வேண்டும். மலையைக் காக்கச் சென்றவன் உறக்கத்தில் மடிவதை விதியின் செயலென்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் உரிமை எந்தச் சர்க்காருக்கும் இல்லை.