தறிக்கேற்ற மூக்குக் கண்ணாடி

மூக்கின்மேல் அமரும் கண்ணாடிக்கும் முதுகு வளைவதற்கும் என்ன தொடர்பு என்று அங்கத்தினர் சிலர் நகைக்கக்கூடும். தொடர்பு உண்டு என்பதே நமது துணிபு. தெளிவாகத் தெரியும் தூரத்தைக் கண் நாடுகிறது; அதற்கு இசையக் கழுத்தும் முதுகும் வளைகின்றன.

நாற்பது வயதையொட்டி, அருகிலுள்ளதைக் காணும் ஆற்றல் குறையத் தொடங்குகிறது. இது நோயன்று, நரையைப் போல யாவர்க்கும் வருவது. குறிஞ்சிப்பாடியில் தறிக்குழியில் அமர்ந்து லுங்கி நெய்பவர், அறுந்த இழையைத் தேடித் தடுமாறும் பருவம் அதுவே. படிப்பதற்கென்று விற்கும் கண்ணாடியை அவர் வாங்கி அணிகிறார். தூரப்பார்வை நன்றாக உள்ள முதியவருக்கு, மூன்று பவர் கண்ணாடி ஏறத்தாழ 33 சென்டிமீட்டர் தூரத்துக்கே உரியது. 50 சென்டிமீட்டருக்கு இரண்டு பவர் போதும். தறியிலோ பாவு முகத்தருகே வாராது. முகமே பாவிடம் செல்ல வேண்டும். நாள் முழுதும் கூனி நெய்வது இவ்வாறே. மேற்பகுதி தூரத்துக்கும் கீழ்ப்பகுதி அருகுக்குமான பைஃபோகல் அணிந்தவரோ, எதிரே நிற்கும் விழுதில் இழை கோக்க மோவாயை உயர்த்திப் பிடரி நோக உழைக்கிறார்.

சிதம்பரம் பக்கத்து வயல்வரப்பில் நடக்கும் உழவர்க்கு இடர் வேறு. பைஃபோகலின் கீழ்ப்பகுதியில் கால்வைக்கும் இடம் மங்கும். ஆஸ்திரேலிய முதியோரிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், வெளியே மிகுதியாக நடமாடுவோர் அதற்கெனத் தனியே தூரப்பார்வைக் கண்ணாடி அணிந்தபோது விழுதல் குறைந்தது. வீட்டோடு இருந்தவர்க்கு அப்பயன் கிட்டவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

முதுகை நிமிர்த்தும் பட்டகக் கண்ணாடி என்று கூறி விற்பாரும் உளர். பொருள் இரண்டாகத் தெரிவோர் சிலர்க்குப் பட்டகம் உதவும். முதுகுவலிக்கு மருந்தென்று கொள்ளப் போதிய சான்று இல்லை. அதற்குப் பணம் இறைக்க வேண்டா.

கண்ணாடி அவரவர் சொந்தச் செலவு என்போர் அஸ்ஸாமை நோக்குக. அங்கே தேயிலை பறிக்கும் 751 தொழிலாளரிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், அருகுப்பார்வைக் கண்ணாடி பெற்றோரின் உற்பத்தி, பெறாதோரைவிடச் சுமார் 22 விழுக்காடு மிகுந்தது. தறியின் பழுதைச் சங்கத்தின் கவலையாகக் கொள்ளும் நாம், அத்தறியை ஓட்டும் கண்ணைக் கைவிடுவது நியாயமன்று. சங்கம் இதற்குச் சிறு கடனாவது வழங்க வேண்டும்.

அதற்குமுன் அங்கத்தினர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. தறியில் நிமிர்ந்து அமர்ந்து, கண்ணிலிருந்து பாவு வரை ஒரு நூலைப் பிடித்து அளந்து கொள்க. குனிந்தபடி அளந்தால் குனிவுக்கே கண்ணாடி கிடைக்கும். கடலூர் அரசு மருத்துவமனைக்கோ அண்ணாமலைநகர் மருத்துவக் கல்லூரிக்கோ செல்லும்போது, அந்த நூலையும் மடியில் முடிந்து கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுக.