சிவப்பு முக்கோணம் எரிந்ததும் பற்றரியை மாற்றாதீர்கள்

கணினி இதழில் காருக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். வீட்டில் ஹைபிரிட் கார் வைத்திருப்பவரிடம் உண்மையில் இரண்டு கணினிகள் இருக்கின்றன. ஒன்று மேசையில், மற்றது வாசலில். பெற்றோல் இஞ்சின் எப்போது ஓட வேண்டும், மின்மோட்டர் எப்போது இழுக்க வேண்டும், பிறேக் பிடிக்கும்போது கிடைக்கும் சக்தியில் எவ்வளவைப் பற்றரிக்கு அனுப்ப வேண்டும் என்பதையெல்லாம் கணத்துக்குக் கணம் தீர்மானிப்பவை ஈ.சி.யூ. எனப்படும் சிறு கணினிகளே. எனவே கணினியைப் பராமரிக்கக் கற்றுக்கொள்ளும் நீங்கள் காரைப் பற்றியும் ஓரளவு பேசத் தெரிந்தவராகிவிடுகிறீர்கள்.

இலங்கையில் இது சின்ன விஷயம் அல்ல. ஜப்பானில் இருந்து வந்த பிரியஸ், அக்குவா, வெசல் போன்ற கார்கள் நம் வீதிகளில் ஏராளம். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பின்னும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதிய கார் பலருக்கு எட்டாத விலையில்தான் இருக்கிறது. அதனால் இரண்டு இலட்சம் கிலோமீற்றரைத் தாண்டிய ஹைபிரிட் காரை இன்னும் சில வருடங்கள் ஓட்டுவதே பல குடும்பங்களுக்கு ஒரே வழி. ஒரு தவறான பழுதுபார்ப்பு அந்தக் குடும்பத்தின் பல மாதச் சேமிப்பைக் கொண்டுபோய்விடும்.

இப்போது வழமையாக நடப்பதைப் பாருங்கள். ஒரு காலையில் டாஷ்போட்டில் சிவப்பு முக்கோணம் எரிகிறது. கராஜுக்குப் போகிறோம். "ஹைபிரிட் பற்றரி போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்கிறார்கள். நாமும் தலையாட்டிவிடுகிறோம். கம்பியூட்டர் திரை நீலமானவுடன் மதர்போர்டை மாற்றச் சொன்னால் இப்படித் தலையாட்டுவோமா? என்ன பிழைச் செய்தி வந்தது என்று முதலில் கேட்க மாட்டோமா? காரிலும் அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

அந்தப் பிழைச் செய்தியைக் காரே எழுதி வைத்திருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட ஓ.பி.டி. இணைப்பான் இருக்கும். அதில் சிறிய புளூடூத் அடப்டர் ஒன்றைப் பொருத்தி, மடிக்கணினியிலோ கைத்தொலைபேசியிலோ உரிய மென்பொருளைத் திறந்தால் பிழைக் குறியீடுகளைப் படிக்கலாம். எல்லா அடப்டர்களும் ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக் கார்களுடன் பேசுவதில்லை. எனவே உங்கள் காரிலேயே பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

குறியீட்டை வாசித்தவுடன் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மென்பொருளில் உள்ள அழிக்கும் பட்டனை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். பிழை வந்த நேரத்தில் வேகம் என்ன, வெப்பநிலை என்ன என்ற தகவலும் அதனுடன் பதிவாகியிருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். குறியீட்டை அழித்து, விளக்கு அணைந்ததைக் காட்டிக் காசு வாங்குவது பழுதுபார்ப்பு அல்ல.

இனி உதாரணங்களைப் பிரியஸில் இருந்தே தருகிறேன். பி0ஏ80 என்றால் ஹைபிரிட் பற்றரியை மாற்றச் சொல்லும் குறியீடு. பி0ஏ93 என்றால் இன்வேர்ட்டரைக் குளிர்விக்கும் பகுதியில் கோளாறு. இரண்டுக்கும் அதே சிவப்பு முக்கோணம்தான் எரியும். ஆனால் இரண்டாவதற்குப் பெரும்பாலும் ஒரு சிறிய தண்ணீர்ப் பம்பை மாற்றினாலே போதும். விளக்கை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் எவ்வளவு நட்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது சின்னப் பற்றரி. ஹைபிரிட் காரில் சாதாரண 12 வோல்ற் பற்றரி ஒன்றும் இருப்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. பல பிரியஸ் கார்களில் அது டிக்கியின் ஓரத்தில் மறைந்திருக்கும். கணினிகள் விழித்தெழுவதும் பெரிய பற்றரியின் இணைப்பு மூடுவதும் இதன் தயவில்தான். ஹைபிரிட்டில் சாதாரண ஸ்டார்ட்டர் மோட்டர் கிடையாது. ஆகவே பற்றரி பலவீனமானால் பழைய கார்களில் கேட்கும் அந்த இழுவைச் சத்தம் கேட்காது. சம்பந்தமில்லாத விளக்குகள் பலவும் ஒன்றாக எரியும், அவ்வளவுதான். பார்ப்பவர் பெரிய கோளாறு என்று பயந்துவிடுவார். ஒரு மல்டிமீற்றரால் அளந்து பாருங்கள். இரவு முழுக்க நின்ற காரில் 12.5 வோல்ற் அளவில் காட்டினால் நல்லது. 12க்குக் கீழே என்றால் சந்தேகத்தை அங்கிருந்து தொடங்குங்கள். மாற்றும்போது ஆவிக் குழாய் பொருத்தக்கூடிய வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். 2022 எரிபொருள் நெருக்கடியின்போது வாரக்கணக்கில் நிறுத்தி வைத்த கார்களில் இந்தப் பற்றரிதான் முதலில் கைவிட்டது. ஓட்டாத காரையும் வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள்.

மூன்றாவது, தூசு. கணினியின் விசிறியில் தூசு அடைத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சூடாகும், வேகம் குறையும், கடைசியில் நின்றுவிடும். ஹைபிரிட் பற்றரியும் விசிறியால்தான் குளிர்கிறது. அது உறிஞ்சுவது காருக்குள் இருக்கும் காற்றை. பின் சீற்றின் ஓரத்தில் உள்ள காற்று வாயின் மேல் பையையோ துணியையோ வைத்து மறைக்கிறோம். செல்லப் பிராணியின் முடியும் வீதித் தூசும் உள்ளே போய் விசிறியில் படிந்துவிடுகின்றன. நம் ஊர் வெயிலில் இது பற்றரியின் ஆயுளை நேரடியாகக் குறைக்கும். வெளி வாயைத் தூசு உறிஞ்சியால் நீங்களே சுத்தம் செய்யலாம். விசிறியைக் கழற்றிக் கழுவுவதைக் கராஜிடம் விட்டுவிடுங்கள்.

கணினிக்கு அப்டேட் வருவது போலக் காருக்கும் வரும். இன்வேர்ட்டரைக் கட்டுப்படுத்தும் மென்பொருளில் இருந்த குறையால் சில பாகங்கள் அளவுக்கு மீறிச் சூடாகலாம், கார் ஓடும்போதே நின்றுவிடலாம் என்று கண்டறிந்து, 2014 பெப்ரவரியில் டொயோட்டா உலகம் முழுவதும் சுமார் 19 இலட்சம் மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் கார்களைத் திருத்தத்துக்கு அழைத்தது. தீர்வு புதிய மென்பொருள்தான். உங்கள் கார் அதற்கு முன் தயாரானது என்றால் அந்தத் திருத்தம் செய்யப்பட்டதா? சேஸி எண்ணைக் கொடுத்தால் டொயோட்டாவின் ஜப்பானிய இணையத்தளத்திலேயே பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை.

இவையெல்லாம் சரியாக இருந்தும் பற்றரி உண்மையிலேயே களைத்துப்போகும் நாள் வரும். இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் பற்றரி 28 சிறு தொகுதிகளால் ஆனது. ஒவ்வொன்றும் 7.2 வோல்ற், மொத்தம் 201.6 வோல்ற். கார் இழுக்கும்போது இவற்றின் வோல்ற் அளவை மென்பொருளில் சோடி சோடியாகப் பார்க்கலாம். எல்லாம் ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறினால் கவலை இல்லை. ஒன்று மட்டும் தனியாக விழுந்தால் அங்கேதான் பழுது. அந்த ஒன்றை மட்டும் மாற்றித் தருகிறோம் என்பார்கள். மலிவுதான். ஆனால் அதே வயதுடைய மற்ற 27உம் வரிசையில் நிற்கின்றன. காரை இன்னும் நான்கைந்து வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால், உத்தரவாதத்துடன் முழுப் பற்றரியைப் போடுவதே கடைசியில் செலவு குறைவு. சில மாதங்களில் விற்கப் போகிறவர் ஒட்டுப் போடலாம். ஆனால் வாங்குபவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. கம்பியூட்டர் பெட்டியைத் திறந்து பழகியவர்கள் அதே துணிச்சலைக் காரின் பற்றரிப் பெட்டியில் காட்டக் கூடாது. செம்மஞ்சள் நிற வயர்களில் ஓடும் மின்சாரம் ஆளைக் கொல்லும். இணைப்பைக் கழற்றிய பிறகும் இன்வேர்ட்டருக்குள் சில நிமிடங்கள் மின் தேங்கி நிற்கும். படிப்பது நம் வேலை, திறப்பது பயிற்சி பெற்றவர் வேலை.

நீங்கள் செய்ய வேண்டிய வேலை இன்னொன்றும் உண்டு. எக்ஸெலில் ஒரு தாளைத் திறந்து திகதி, கிலோமீற்றர், நிரப்பிய லீற்றர், மாற்றிய பாகம், வந்த குறியீடு ஆகியவற்றைப் பதிந்து வாருங்கள். லீற்றருக்கு ஓடும் தூரம் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தால், விளக்கு எரிவதற்கு முன்பே தாள் உங்களுக்குச் சொல்லிவிடும். கூலன்ட் அடிக்கடி குறைகிறது, காலையில் இஞ்சின் நடுங்குகிறது என்பதையும் எழுதுங்கள். மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் அது ஹெட் கஸ்கெட் பழுதின் அறிகுறியாக இருக்கலாம். அந்தக் காரை ஓட்டிக்கொண்டே இருந்தால் இஞ்சினே போய்விடும்.

கடைசியாக, குற்றம் கராஜ்காரர்களிடம் மட்டும் இல்லை. பாகத்துக்குக் காசு கொடுக்க நாம் தயார். பழுது எங்கே என்று ஒரு மணி நேரம் செலவழித்துக் கண்டுபிடித்தவருக்குக் கொடுக்கத் தயங்குகிறோம். "ஸ்கேன் பண்ணினதுக்கா இவ்வளவு?" என்று கேட்கிறோம். பாகத்தை மாற்றினால்தான் வருமானம் என்ற நிலைக்கு மெக்கானிக்கைத் தள்ளியது நாம்தான். அடுத்த முறை குறியீடு எழுதிய தாளுடன் போங்கள். ஏன் இந்தப் பாகம் என்று கேளுங்கள். சரியான பதில் சொல்பவருக்கு, அவர் எதையும் மாற்றாவிட்டாலும், உரிய கூலியை மனதாரக் கொடுங்கள். பழைய ஹைபிரிட் காருக்கு இதைவிட நல்ல பராமரிப்பு இல்லை.