தங்கவயலின் விழாக்களும் வாழ்வுரிமையும்

விடியும் முன்பே மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருவுக்குப் புறப்படும் ரயிலில் கால் வைக்க இடமிருப்பதில்லை. கட்டுமானத் தொழிலாளர்கள், ஆயத்த ஆடை ஆலைப் பெண்கள், காவலாளிகள், கணினி நிறுவன ஊழியர்கள் என ஒரு நகரமே நாள்தோறும் பிழைப்புக்காக வெளியேறி, இருட்டிய பின் வீடு திரும்புகிறது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு கோலார் தங்கவயலின் அன்றாட வாழ்க்கை இதுதான். ஆயினும் பொங்கலும் மாரியம்மன் திருவிழாவும், அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாளும் மே தினமும், புத்த பூர்ணிமையும் கிறிஸ்துமசும் வரும்போது இம்மக்கள் கூடுவது தங்கவயலின் லைன் வீடுகளுக்கு இடையேதான். வேலை தராத ஊரை இவர்கள் ஏன் இன்னும் தம் ஊர் என்கிறார்கள்? உழைக்கும் மக்களின் கட்சி அக்கறையுடன் விடை தேட வேண்டிய கேள்வி இது.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கு சுரங்கத் தொழிலைத் தொடங்கியது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து நிலமற்ற மக்கள் சாரிசாரியாக வந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சமூகத்தினர். பண்ணையாரின் சாட்டையிலிருந்து தப்பியவர்களைப் பூமிக்கு அடியில் வேறொரு அடிமைத்தனம் எதிர்கொண்டது. பாறை வெடிப்பில் உயிர் போனது. தப்பியவரின் நுரையீரலைச் சிலிக்கா தூசி அரித்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து இயந்திரங்களுக்கு மின்சாரம் வந்து சேர்ந்தது. தொழிலாளியோ தட்டிக் குடிசையில் கிடந்தார். துரைமார்கள் இவ்வூரைச் 'சின்ன இங்கிலாந்து' என்று அழைத்து மகிழ்ந்தனர். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, ஏறத்தாழ 800 டன் தங்கத்தை வெட்டியெடுத்த கைகளுக்கு ஒரு குன்றிமணிகூட மிஞ்சவில்லை.

இந்த மக்கள் தம்மை மனிதராக நிறுத்திக்கொண்டது எங்ஙனம்? மைசூர் சமஸ்தானத்தில் தொழிற்சங்கம் சட்ட அங்கீகாரம் பெற 1940கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு நெடுங்காலம் முன்பே மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீபிலும் அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கம் வேரூன்றிவிட்டது. பண்டிதரின் மறைவுக்குப் பின், 1920களில், அவருடைய 'தமிழன்' இதழை அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே மீண்டும் நடத்தினார். சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பியது. பகலில் பாறை உடைத்தவர்கள் இரவில் சாதியின் மூலத்தை ஆராய்ந்தார்கள். புத்தர் விழாவில் கூடிய மக்களுக்கு அது வழிபாடு மட்டுமன்று. ஊரில் தமக்கு மறுக்கப்பட்ட மரியாதையைத் தாமே எடுத்துக்கொண்ட அரசியல் செயல்.

அந்த மரியாதை உணர்வுதான் 1930இல் வேலைநிறுத்தமாக வெடித்தது. குற்றவாளிகளைப் போலத் தம் கைரேகையை நிர்வாகம் பதிவு செய்வதை ஏற்க முடியாது என்று ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். கூலி உயர்வுக்கு முன்பாகத் தன்மானத்துக்காக நடந்த போராட்டம் அது. பின்னர் தோழர் கே.எஸ். வாசன் போன்றோர் செங்கொடியின் கீழ் சங்கத்தைக் கட்டியபோது அவர்களுக்கு ஆயத்தமான மண் கிடைத்தது. 1946 நவம்பர் 4 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் வீழ்ந்தனர். ஆண்டுதோறும் அந்த நாளில் ஆண்டர்சன்பேட்டை தியாகிகள் நினைவிடத்தில் வைக்கப்படும் மலர்கள், பொங்கலைப் போலவே தங்கவயலின் பண்பாட்டில் ஓர் அங்கமாகிவிட்டன.

இந்த வரலாற்றை நாடு எவ்வாறு அறிகிறது? 2018இல் வெளிவந்த 'கே.ஜி.எஃப்' திரைப்படம் கோடிக்கணக்கானோருக்கு ஊரின் பெயரைச் சொல்லிக் கொடுத்தது. அதில் ஒரு நாயகன் இருந்தான். சங்கம் இல்லை, அயோத்திதாசர் இல்லை, நவம்பர் 4 இல்லை. 2024இல் வந்த 'தங்கலான்' அம்மக்களின் மூதாதையரை நடுவில் நிறுத்த முயன்றது. திரையில் யார் வந்தாலும் போனாலும், தம் கதையை மக்கள் தாமே சொல்லிக்கொள்ளும் இடம் விழாதான். பறை முழங்கும் தெருவில்தான் ஒரு பேரன் தன் பாட்டன் எந்தச் சுரங்கத்தில் இறங்கினார் என்பதைக் கேட்டறிகிறான்.

பிறந்த மண்ணுக்கு வெளியே வாழும் ஒடுக்கப்பட்டோர் அனைவருக்கும் இது பொருந்தும். கனடாவின் அட்லாண்டிக் கரையில் வாழும் மிக்மாக் பழங்குடியினரில் பலர், அரசு ஒதுக்கிய காப்பு நிலங்களுக்கு வெளியே நகரங்களில் பிழைக்கின்றனர். அப்படி வெளியே வசிக்கும் பழங்குடியினர் தம் சமூகச் சபைத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 1999இல்தான். அவர்களைப் பிணைத்து வைப்பவை முரசும் நடனமும் கூட்டு விருந்தும். உரிமையை நிலத்தோடு கட்டிவைத்து, நிலத்தைவிட்டு நகர்ந்தவனிடம் 'நீ யார்?' என்று கேட்பது அரசுகளுக்குப் பழகிய தந்திரம்.

நம் நாட்டிலும் பட்டியல் சாதிப் பட்டியல் மாநிலவாரியானது. கர்நாடகத்தில் ஆதிதிராவிடர் என்று சான்றிதழ் பெற்ற தங்கவயல் இளைஞர், வேலை தேடித் தமிழ்நாட்டில் குடியேறினால் அங்கே இட ஒதுக்கீட்டைக் கோர முடியாது. தீண்டாமை எல்லை தாண்டி வருகிறது. பாதுகாப்பு எல்லையிலேயே நின்றுவிடுகிறது. ஊரைவிட்டுப் போகாததற்கு ஏக்கம் மட்டும் காரணமன்று என்பது இங்கே விளங்கும்.

விழா என்றாலே புனிதம் என்று நாம் சொல்லவில்லை. கோயில் கமிட்டியில் பதவிச் சண்டை உண்டு. விருந்து சமைக்கும் பெண்ணுக்கு மேடையில் இடமில்லை. சாதிப் பெருமையும் மதவெறியும் நுழைய வாசல் தேடி நிற்கின்றன. ஆகவேதான் 'பண்பாடு நம் வேலையன்று' என்று ஒதுங்கும் தோழர்களின் போக்கு ஆபத்தானது. நாம் விட்டுச்சென்ற தெருவில் வேறொருவன் கொடி நடுவான். தமிழரின் விழாவைக் கன்னடருக்கு எதிரானதாகத் திரித்துக் குளிர்காயும் கூட்டத்தை 1991 காவிரிக் கலவரத்தின்போதே கண்டோம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து பேசும் சுரங்கத் தொழிலாளர் மரபே அதற்குச் சரியான பதில்.

இன்று இன்னொரு கட்டம் தொடங்கியிருக்கிறது. 13 கழிவுக் குன்றுகளில் எஞ்சியுள்ள தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. எத்தனையோ ஆண்டுகளாகக் காற்றடித்தால் அந்தச் சயனைடு மேட்டின் தூசியைச் சுவாசித்து வந்தவர்கள் இம்மக்கள். லாபம் வரும்போது மட்டும் அவர்கள் அந்நியராகிவிடக் கூடாது. லைன் வீடுகளுக்குப் பட்டா, வேலையில் உள்ளூர் மக்களுக்கு முன்னுரிமை, தூசிக் கட்டுப்பாடு, அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு கூறும் தாய்மொழித் தொடக்கக் கல்வி, விழா மைதானங்களும் நினைவிடங்களும் கைப்பற்றப்படாமல் இருப்பதற்கான உத்தரவாதம் ஆகியவை ஒரே கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற வேண்டியவை.

வீட்டுக்குப் பட்டா இல்லாதவனிடம் பண்பாடு மட்டும் தங்காது. கூடிக் கொண்டாடும் பழக்கம் அற்றுப்போன மக்கள், பட்டாவுக்காகக் கூடிப் போராடுவதும் கடினம். அடுத்த நவம்பர் 4 அன்று ஆண்டர்சன்பேட்டைக்குச் செல்லும் தோழர்கள் மலர்வளையத்தோடு இந்தக் கோரிக்கைகளையும் ஏந்திச் செல்லட்டும். தை மாதத்தில் பொங்கல் பானை பொங்கும் தெருக்களுக்கும் அவற்றை எடுத்துச் செல்லட்டும்.