கருவி காட்டும், காரணம் காண்பது நம் கடன்

இன்றைய காரை நடமாடும் கணிப்பொறி என்றால் அது மிகையாகாது. அமெரிக்காவில் 1996 ஆம் ஆண்டு மாடல் முதல் புதிய கார்களில் ஓ.பி.டி.-2 என்னும் தற்சோதனை முறை கட்டாயமாயிற்று. இந்தியாவிலும் 2010 முதல் இத்தகைய முறை படிப்படியாக வந்தது. கோளாறு நேர்ந்தால் விளக்கு எரியும்; ஸ்கேனரைப் பொருத்தினால் குறியீடு தெரியும். எனவே மெக்கானிக்கின் பழைய அறிவு இனித் தேவையில்லை என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பிழையானது என்பதே நம் கருத்து.

நம் அனுபவம் ஒன்றைக் கூறுவோம். நம் குடும்பக் காரில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஸ்கேனர் 'பி 0171' எனக் காட்டிற்று. எரிகலவையில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்துள்ளது என்பது அதன் பொருள். பட்டறையில் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினர். ஆயிரக்கணக்கில் செலவாயிற்று, பத்தே நாளில் விளக்கு மீண்டும் எரிந்தது. பின்னர் முதிய மெக்கானிக் ஒருவர் பானெட்டைத் திறந்து, ஓடும் இன்ஜினுக்குச் செவிசாய்த்தார். மெல்லியதொரு சீறல் கேட்டது. ரப்பர் குழாய் ஒன்றில் விரிசல்! அதனை மாற்றியதும் கோளாறு தீர்ந்தது.

நிகழ்ந்தது யாது? விரிசல் வழியே புகுந்த காற்று கணிப்பொறியின் கணக்கில் சேரவில்லை. கலவையில் காற்று மிகுந்தது. புகையை முகர்ந்த ஆக்சிஜன் சென்சார் அவ்வுண்மையையே உரைத்தது. உண்மை உரைத்த சாட்சியைத் தண்டித்துவிட்டுக் குற்றவாளியைத் தப்பவிட்டோம்!

கணிப்பொறி எத்துணை வளரினும், பெட்ரோல் இன்ஜின் இயங்கும் நெறி 1876 இல் ஜெர்மானியரான ஆட்டோ செய்துகாட்டிய நான்கு வீச்சு நெறியே. காற்று, எரிபொருள், அழுத்தம், உரிய நேரத்தில் தீப்பொறி ஆகிய நான்கும் சரியாக அமைதல் வேண்டும். பிளக் தேய்ந்தாலும் வால்வு கசிந்தாலும் சென்சாரை மாற்றிப் பயனில்லை. நன்கு மின்னேற்றிய பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்ட வேண்டும். அது தளர்ந்தாலே பொய்க் குறியீடுகள் தோன்றக்கூடும்.

ஸ்கேனரைத் தூக்கி எறியுங்கள் என்று நாம் கூறவில்லை. எப்பக்கம் தேடுவது என்பதை அது விரைந்து காட்டுகிறது. அது பெரும் உதவியே. ஆயினும் குறியீடு என்பது நோயின் அறிகுறி. நோயின் காரணம் அன்று. நோயையும் அதன் முதலையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்க என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வகுத்த முறை, பட்டறைக்கும் பொருந்தும். ஆராயாமல் மாற்றிய உறுப்பின் விலையை, வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் ஏழை ஓட்டுநர் தம் குடும்பத்தின் உணவிலிருந்து கொடுக்கிறார் என்பதை மறத்தல் ஆகாது.

மாணவச் செல்வங்களே! மூலநூலைத் தொடாமல் வினா விடைக் கையேட்டை மட்டும் நம்புவோரும், குழாயைத் தொட்டுப் பாராத மெக்கானிக்கும் ஓரினமே. கருவிகளைக் கற்றுக்கொள்ளுங்கள், அதற்கு முன் அடிப்படையைக் கற்றுக்கொள்ளுங்கள். கருவி மாறும்; அடிப்படை மாறாது.