ஆமையின் கண்ணீர்

உலகிலுள்ள கடலாமை இனங்கள் 7. அவற்றுள் 5 இலங்கைக் கரைகளில் முட்டையிடுகின்றன. தங்காலையை அடுத்த ரெக்கவ கரைக்கு இரவில் வரும் பேராமையின் கண்களில் நீர் வடியக் காண்போர், ‘தாயின் துயரம்’ என இரங்குவர்.

அது துயரமன்று, உப்பு. கடல்வாழ்வில் உடலிற் சேரும் மிகையுப்பைக் கண்ணருகேயுள்ள சுரப்பிகள் அவ்வாறு வெளியேற்றுகின்றன. கடற்பறவைகளுக்கோ அது நாசித் துளை வழியே சொட்டும். திமிங்கிலத்திற்குச் சிறுநீரகமே அப்பணியை ஆற்றும். மூவினமும் தரைவாழ் உயிர்களின் வழிவந்தவையே; பின்னர்க் கடலுக்கேற்ற உடல் பெற்றன.

ஆயினும், இழுதுமீனென மயங்கி விழுங்கிய பிளாஸ்டிக் பையை வெளியேற்ற ஆமைக்குச் சுரப்பி ஏதுமில்லை. பதுளையில் வாழும் நமக்குக் கடல் தொலைவென்று எண்ணலாகாது. பதுளு ஓயா மகாவலியிற் கலந்து திருகோணமலைக் கடலைச் சேர்கின்றது. ஓயாவில் பையை எறியுமுன் அக்கண்களை நினைப்போமாக.