எது காடு?

கொங்கு வட்டாரத்தில் உழவர் காட்டுக்குப் போவது, சோளமோ நிலக்கடலையோ விளையும் தம் மானாவாரி நிலத்துக்குத்தான். கரிசல் சீமையிலும் பருத்திக்காடு, கம்மங்காடு என்பதே வழக்கு. மரம் அடர்ந்த மலைச்சரிவையும் முள் மண்டிய தரிசையும் பிணம் எரிக்கும் இடத்தையும் ஒருங்கே தாங்கும் இப்பொதுச்சொல்லோடு ஒப்பிட்டால், வனத்துறையின் ‘காப்புக்காடு’ மிகக் குறுகியது: அரசு எல்லை குறித்து அறிவிக்கை செய்து, மேய்ச்சலையும் வெட்டுதலையும் கட்டுப்படுத்திய நிலம் மட்டுமே அது. மரமே இல்லாவிட்டாலும் அந்நிலம் காப்புக்காடு. அறிவிக்கை பெறாத அடர்சோலை அவ்வாறு ஆகாது.

கூடலூர்ப் பகுதியில் மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து, நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம் கூறும் வனம் எது என்ற கேள்வி எழுந்தது. 1996 டிசம்பர் 12 அன்று நீதிமன்றம், அச்சொல்லை அகராதிப் பொருளிலேயே கொள்ள வேண்டும் என்றும், உடைமை யாருடையதாயினும் அரசு ஆவணத்தில் வனம் எனப் பதிவான நிலமும் சட்டத்துள் அடங்கும் என்றும் ஆணையிட்டது. சட்டச்சொல் பொதுச்சொல்லிடம் அடைக்கலம் புகுந்த அரிய தருணம் அது. 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பொருளைக் குறுக்க முற்பட்டபோது, 1996 விளக்கத்தையே பின்பற்றுமாறு 2024 பிப்ரவரியில் இடைக்கால உத்தரவு வந்தது.

இந்திய வன அளவைத் துறையின் கணக்கு வேறு. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மர விதானம், அதாவது மேலிருந்து பார்க்கையில் இலைத்தழை மூடிய பரப்பு, 10 விழுக்காட்டை எட்டினால், மரம் எதுவாயினும் நிலம் எவருடையதாயினும் அது வனப்பரப்பில் சேரும். தென்னந்தோப்புக்கும் இதில் இடமுண்டு. நீலகிரி மேட்டுநிலத்தில் மலைமடிப்புகளில் சோலையும், முகடுகளில் புல்வெளியுமாக அமைந்த இயற்கையை இக்கணக்கு பாதியாகவே காண்கிறது. தோடர்களின் எருமைகள் மேய்ந்த அப்புல்வெளிகளைப் பயனற்ற தரிசாகக் கருதி அவற்றில் சீகை மரமும் கற்பூர மரமும் நட்டு வளர்த்தது அரசே; அயல்மரங்கள் புல்லை விழுங்கியது, விதானக் கணக்கில் காடு வளர்ந்ததாகவே பதிவாகும். அம்மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்பது அதே கணக்கில் காட்டின் இழப்பு. அளவைக்கென உண்டான வரையறை அளவையளவில் நின்றால் பிழையில்லை. அதைச் சூழலியல் வெற்றியின் சான்றாக மேடையேற்றுவதே பிழை. காட்டுப்பரப்பு கூடியது என்று எழுதும் இதழாளர்கள், எந்த வரையறைப்படி கூடியது என்பதையும் அதே வாக்கியத்தில் எழுத வேண்டும்.