பெயர் மாற்றும் கருவி

பல சொற்களாலாகிய பெயரொன்றை நிரலில் எழுத நேருங்கால், அச்சொற்களினிடையே வெற்றிடம் விடலாகாதென்பது பெரும்பாலான கணினி மொழிகளின் விதி. ஆதலின் இருவகை வழக்கங்கள் எழுந்தன. ஜாவாஸ்கிரிப்ட் எழுதுவோர் சொற்களை ஒட்டி, இரண்டாஞ் சொல் முதலாக ஒவ்வொன்றின் முதலெழுத்தையும் பெரிதாக்குவர். இடையே திமில்போல் எழுந்து நிற்றலால் இஃது ஒட்டக வழக்கு எனப்படும். பைத்தான் எழுதுவோரோ யாவற்றையுஞ் சிற்றெழுத்தாக்கி நடுவே அடிக்கோடு இடுவர். அது பாம்பு வழக்கு. 2001-இல் தோன்றிய பைத்தான் நடைவழிகாட்டி மாறிகளுக்கு இதனையே விதிக்கின்றது.

ஒன்றை மற்றொன்றாக மாற்றுதல் அற்ப வேலையென்றும், சிறு கருவியொன்றினிடம் அதனை ஒப்புவித்து வாளா இருக்கலாமென்றும் மாணவர் பலர் எண்ணுகின்றனர். அக்கருத்தை யான் ஒப்புகின்றிலேன். 'ஸ்டூடண்ட் ஐ.டி.' என்பதனை ஒட்டக வழக்கில் எழுதுவோர் பலர் ஈற்றிலுள்ள ஐ, டி என்னும் ஈரெழுத்தையும் பெரியனவாகவே எழுதுவர். பாம்பு வழக்கிற் புகுந்தவுடன் அவ்விரண்டுஞ் சிறுத்துவிடும். திரும்பி வருங்கால் 'ஐ' மாத்திரம் பெரிதாகும். 'டி' சிறுத்தபடியே நிற்கும். நம் கண்ணுக்கு அவை ஒரே பெயர். ஜாவாஸ்கிரிப்டுக்கோ வேறு வேறு. ஒரு பொருளினிடத்துக் கேட்ட பண்பு இல்லாதவிடத்து அம்மொழி பிழையென்று கூவுவதுமில்லை; 'வரையறுக்கப்படாதது' என்றொரு மதிப்பைத் தந்து மேற்செல்லும். மதிப்பெண் பட்டியல் பதிவெண்ணின்றி அச்சாகி வந்த பின்னரே குற்றம் புலனாம். அப்பொழுது யாரை நோவது?

பெரிய எழுத்து வந்தவிடமெல்லாம் வெட்டுக என்று கருவிக்குக் கற்பிப்போமாயின், எக்ஸ்.எம்.எல். என்பது மூன்று துண்டாய்ச் சிதறும். குறுக்கப்பெயரையும் ஒரு சொல்லாகவே கொண்டு அதன் முதலெழுத்தை மாத்திரம் பெரிதாக்குக என்கின்றது கூகிள் நிறுவனத்தாரின் ஜாவா நடைவழிகாட்டி. கோ மொழியார் இதற்கு நேர்மாறாக விதிப்பர். என் அபிப்பிராயத்தில் முன்னதே சாலச் சிறந்தது. போய் மீளும் பெயர் உருக்குலையாது. முன்னரே பிறரிட்ட பெயர்களுக்கோ மூலமும் மாற்றமும் எதிரெதிரே எழுதிய அட்டவணையொன்று வைத்துக்கொள்ளல் வேண்டும்.

நந்தமிழில் இச்சிக்கல் இன்னும் கடிது. 2008-இல் வெளிவந்த பைத்தான் 3 தமிழெழுத்துப் பெயர்களையும் ஏற்கின்றது. ஆயினும் பெரியது சிறியதென்னும் பேதம் நம் எழுத்திற்கு இல்லை. 'மாணவர்_பதிவெண்' என்பதனை ஒட்டக வழக்காக்கப் புகும் கருவி கோட்டை அழித்து 'மாணவர்பதிவெண்' என்று ஒட்டிவிடும். அதனை மீட்டும் பிரித்தற்கு அடையாளம் யாதும் அங்கே எஞ்சுவதில்லை.